பிராட் தெருப் பம்பும் ஓர் உதவிக்குருவும்

மருத்துவ வரலாற்றைக் கற்போர் யாவரும் டாக்டர் ஜான் ஸ்னோவின் பெயரை அறிவர். 1854-ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா கொள்ளைநோய் மூண்டபோது, அது குடிநீர் வழியே பரவுகிறது என்று கண்டு, பிராட் தெருவிலிருந்த பம்பின் கைப்பிடியை அகற்றச் செய்தவர் அவர். ஆயினும் அவருடைய கொள்கைக்கு இன்றியமையாத சான்றைத் தேடித் தந்தவர் மருத்துவர் அல்லர். அப்பகுதியில் தூய லூக்கா ஆலயத்தின் உதவிக்குருவாயிருந்த ஹென்றி வைட்ஹெட் என்பவரே. திருச்சபை வரலாற்று நூல்களில் அவர் பெயரைக் காண்பது அரிது. ஸ்னோவின் கொள்கை தவறு என்று காட்டப் புறப்பட்ட ஒரு குருவானவர், எவ்வாறு அக்கொள்கையின் முதன்மைச் சாட்சியானார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்காலத்தின் இரு விளக்கங்கள்

1817-இல் வங்காளத்திலிருந்து பரவத் தொடங்கிய காலரா, 1831-இல் சண்டர்லாந்து துறைமுகத்தின் வழியாக இங்கிலாந்தை அடைந்தது. 1848-49 ஆண்டுகளில் அது மீண்டும் வந்தபோது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐம்பதாயிரத்திற்கும் அதிகமானோர் மாண்டனர். காலையில் நலமாயிருந்தவர் மாலையில் பிணமாகக் கிடந்தார். இத்தகைய அச்சத்தின் நடுவே மக்கள் விளக்கம் தேடியது இயல்பே. அன்று இரு விளக்கங்கள் ஆயத்தமாயிருந்தன.

முதலாவது, சமய விளக்கம். கொள்ளைநோய் நாட்டின் பாவத்திற்குக் கடவுள் அனுப்பும் தண்டனை என்று பல பிரசங்க பீடங்களிலிருந்து கூறப்பட்டது. 1832 மார்ச் 21-ஆம் நாள், அரச ஆணையின்படி நாடெங்கும் உபவாச நாளாக ஆசரிக்கப்பட்டது. 1853-இல் நோய் மறுபடியும் அச்சுறுத்தியபோது, இத்தகைய உபவாச நாளொன்று அறிவிக்கப்படுமா என எடின்பரோவின் திருச்சபை மூப்பர் மன்றம் அரசைக் கேட்டது. உள்துறை அமைச்சர் பாமர்ஸ்டன் பிரபு அதற்கு உடன்படவில்லை. கடவுள் வகுத்த இயற்கை விதிகளை மனிதர் கைக்கொள்ள வேண்டும். ஏழையர் வாழும் தெருக்களையும் வீடுகளையும் முதலில் சுத்தம் செய்ய வேண்டும் என்பதே அவருடைய மறுமொழியின் சாரம். பக்தியுள்ள பலருக்கு அது மனவருத்தத்தைத் தந்தது.

இரண்டாவது, அறிஞர் பலரின் விளக்கம். அழுகும் பொருள்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே நோய்க்குக் காரணம் என்று அவர்கள் நம்பினர். நாற்றம் உள்ள இடத்தில் நோய் உண்டு; ஆகவே நாற்றத்தை அகற்றினால் நோய் அகலும் என்பது அவர்களின் துணிபு. இதன் விளைவு விபரீதமாயிற்று. வீடுகளின் மலக்குழிகள் கழிவுநீர்க் கால்வாய்களுக்குத் திருப்பப்பட்டு, அக்கழிவெல்லாம் தேம்ஸ் நதியில் சேர்ந்தது. அதே நதியிலிருந்து நகர மக்களில் பலருக்குக் குடிநீர் எடுக்கப்பட்டது. காற்றைத் தூய்மையாக்கும் முயற்சி நீரைக் கெடுத்தது.

இவ்விரு விளக்கங்களும் ஒன்றுக்கொன்று பகையானவை எனத் தோன்றும். ஆயினும் ஒரு வகையில் இரண்டும் ஒன்றே. மாண்டவர் யார், அவர் என்ன உண்டார், எங்கே நீர் எடுத்தார் என்று வீடு வீடாகச் சென்று கேட்க வேண்டிய தேவை இரண்டிற்கும் இல்லை. விடை முன்னமே கையில் இருந்தது.

1854 ஆகஸ்டு 31

1854 ஆகஸ்டு 31-ஆம் நாள் இரவு சோஹோவில் நோய் திடீரென மூண்டது. ஏறத்தாழ 250 கஜ தூரத்திற்குள், பத்தே நாட்களில், ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முடிவில் இறந்தோர் தொகை 616 எனக் கணக்கிடப்பட்டது. பிராட் தெருவில் மட்டும் ஏறத்தாழ 900 குடிகளில் 90 பேர் மறைந்தனர். ஓடக் கூடியவர்கள் ஊரைவிட்டு ஓடினர்.

அப்போது வைட்ஹெட்டுக்கு வயது இருபத்தெட்டு. ஆக்ஸ்போர்டில் கல்வி கற்று, 1851-இல் குருப்பட்டம் பெற்று, நேரே இந்த ஏழைப் பங்கிற்கு வந்தவர். தையல்காரர், செருப்புத் தொழிலாளர், சிறு கடைக்காரர் ஆகியோர் ஒரே வீட்டின் பல அறைகளில் நெருங்கி வாழ்ந்த தெருக்கள் அவை. அந்த நாட்களில் அவர் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்குச் சென்று, மரிப்போரின் பக்கத்தில் அமர்ந்து, எஞ்சியோரைத் தேற்றி வந்தார். அத்தெருப் பம்பின் நீரை அவரும் அந்நாட்களில் குடித்தார்.

ஸ்னோ, காலரா நீர் வழியே பரவும் என்னும் கருத்தை 1849-இலேயே வெளியிட்டிருந்தார். பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சோஹோவில் நோய் மூண்டதும் அவர் மரணப் பதிவேட்டைப் பெற்று ஆராய்ந்தார். முதல் நாட்களில் பதிவான 83 மரணங்களுள் 73 பிராட் தெருப் பம்பிற்கு அண்மையில் நேர்ந்தவை. அந்த 73 பேரில் 61 பேர் அப்பம்பின் நீரைப் பருகியவர்கள் எனத் தெரிந்தது. அண்மையிலிருந்த ஏழையர் இல்லத்தில் 535 பேர் வாழ்ந்தும் ஐவரே மாண்டனர். அதற்குத் தனிக் கிணறு இருந்தது. அத்தெருவின் பீர் வடிசாலையில் வேலை செய்த எழுபது பேரில் ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் அங்கு வடித்த பீரையே பருகினர். இதற்கு மாறாக, தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டெடில் வாழ்ந்த விதவை ஒருவர், பிராட் தெரு நீரின் சுவையை விரும்பி அதை வண்டியில் வரவழைத்துக் குடித்து, அங்கேயே காலராவால் மாண்டார்.

செப்டம்பர் 7-ஆம் நாள் மாலை, பங்கின் பொறுப்பாளரிடம் ஸ்னோ தம் கருத்தைக் கூறினார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதனால் கொள்ளைநோய் உடனே நின்றது என்று பல நூல்கள் கூறுவது மிகைக் கூற்று. மக்கள் ஊரைவிட்டு அகன்றதனால் நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே மறைக்காமல் எழுதினார்.

மறுக்கப் புறப்பட்டவர்

பம்பைப் பற்றிய கருத்தை வைட்ஹெட் நம்பவில்லை. அவ்வாண்டிலேயே தம் அனுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். நோய் அழுக்கான வீடுகளையே தேடிச் சென்றது என்னும் பொதுக் கருத்து பொருந்தாது என்பதை அவர் அப்போதே கண்டிருந்தார். தூய்மையான வீடுகளும் மரணத்தைக் கண்டன. அழுக்கான வீடுகள் சில தப்பின. மாண்ட ஏழைகளின் மீது பழி சுமத்துவதற்கு இடமில்லை என்பதை அவருடைய கணக்கு காட்டியது.

ஆனால் நீரே காரணம் என்பதையும் அவர் ஏற்க இயலவில்லை. நோயுற்றபின் அந்நீரையே மிகுதியாகக் குடித்தும் பிழைத்தவர்களை அவர் நேரில் அறிந்திருந்தார். நன்கு விசாரித்தால் ஸ்னோவின் கருத்து வீழ்ந்துவிடும் என்று எண்ணினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் பங்கு நிர்வாகம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தபோது, ஸ்னோவும் வைட்ஹெட்டும் அதில் உறுப்பினராயினர்.

வைட்ஹெட் பிராட் தெருவைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இறந்தவரின் பெயர், வயது, வாழ்ந்த மாடி, நோய் தொடங்கிய நேரம், பருகிய நீர் ஆகிய அனைத்தையும் கேட்டுக் குறித்தார். சில வீடுகளுக்கு நான்கைந்து முறை சென்றார். ஊரைவிட்டுப் போனவர்களையும் தேடி விசாரித்தார். ஸ்னோ பெரும்பாலும் இறந்தவர்களைப் பற்றியே அறிந்திருந்தார். வைட்ஹெட்டோ உயிரோடிருந்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டார். முதல் விசாரணையில் பம்பு நீரைக் குடிக்கவில்லை என்று கூறிய குடும்பத்தினர், அறிமுகமான குருவானவர் மீண்டும் பொறுமையாய்க் கேட்டபோது, தங்கள் பிள்ளை அங்கே நீர் மொண்டு வந்ததை நினைவுகூர்ந்தனர்.

விடை தெளிவாயிற்று. அந்நீரைப் பருகியவருள் பாதிக்கும் அதிகமானோர் நோயுற்றனர். பருகாதவருள் பத்தில் ஒருவர்கூட நோயுறவில்லை. தனித்து வாழ்ந்த முதியோர் பலர் தப்பியதற்கும் காரணம் புலப்பட்டது. அவர்களுக்கு நீர் கொண்டுவர ஆள் இல்லை. தாம் இம்முடிவிற்கு மெதுவாகவும் விருப்பமின்றியும் வந்ததாக வைட்ஹெட் பிற்காலத்தில் எழுதினார்.

ஒரு குழந்தையின் மரணம்

எனினும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. கிணற்று நீர் எவ்வாறு நஞ்சாயிற்று? 1855-இன் முற்பகுதியில் மரணப் பட்டியலை வேறொரு காரணத்திற்காகப் புரட்டியபோது, வைட்ஹெட்டின் கண்ணில் ஒரு வரி பட்டது. பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில், செப்டம்பர் 2-ஆம் நாள், ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கினால் இறந்திருந்தது. நோய் தொடங்கியதோ அதற்குச் சில நாட்களுக்கு முன்பு. அதாவது கொள்ளைநோய் மூளுவதற்கு முன்பே. அவ்வீடு பம்பிற்கு எதிரே இருந்தது.

அவர் அத்தாயிடம் சென்றார். குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டின் முன்புற மலக்குழியில் ஊற்றியதாக அவர் கூறினார். குழியைத் தோண்டிப் பார்த்தபோது, செங்கற்கள் சிதைந்து கழிவு மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. அதற்கும் கிணற்றிற்கும் இடையே இருந்த தூரம் மூன்றடிக்கும் குறைவு.

இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. அக்குழந்தையின் தந்தையாகிய காவலரை, பம்பின் கைப்பிடி கழற்றப்பட்ட அதே செப்டம்பர் 8-ஆம் நாள் காலரா பற்றியது. பின்னர் அவரும் இறந்தார். அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் சென்றிருக்கும். கைப்பிடி அகற்றப்படாதிருப்பின் இரண்டாம் முறையும் கொள்ளைநோய் மூண்டிருக்கக்கூடும். அச்செயல் முடிந்துபோன நோயை நிறுத்தவில்லை. வரவிருந்த நோயைத் தடுத்தது எனலாம். அந்த உண்மை, பெற்ற பிள்ளையையும் கணவரையும் இழந்த ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்தது. கேட்டவர் அத்தெருவுக்குப் புதியவரல்லர். துயர நாட்களில் வீடு வீடாகச் சென்ற உதவிக்குரு.

பின்வந்த காலம்

1855-இல் வெளிவந்த குழுவின் அறிக்கை பம்பையே காரணமாகக் காட்டியது. அரசின் சுகாதார வாரியமோ அதை ஏற்கவில்லை. ஸ்னோ 1858-இல், நாற்பத்தைந்து வயதில், தம் கருத்து வெல்வதைக் காணாமலேயே காலமானார். 1866-இல் கிழக்கு லண்டனில் மீண்டும் காலரா பரவியபோதுதான் குடிநீரைப் பற்றிய சான்று அதிகாரிகளை அசைத்தது. வைட்ஹெட் 1865-இல் ஒரு கட்டுரையின் வாயிலாக ஸ்னோவின் பணியை மக்களுக்கு நினைவூட்டியிருந்தார். பின்னர் வட இங்கிலாந்தின் கம்பர்லாந்து சென்று ஊழியம் செய்து, 1896-இல் மறைந்தார். தம் வாசிப்பறையில் ஸ்னோவின் படத்தை அவர் வைத்திருந்தார்.

நோயின் கிருமியை இத்தாலியின் பிலிப்போ பச்சினி 1854-இலேயே நுண்ணோக்கியில் கண்டிருந்தும், அவருடைய கண்டுபிடிப்பு கவனிக்கப்படவில்லை. 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் அதைத் தனியே வளர்த்துக் காட்டினார். ஒரு குளத்து நீரிலும் அதைக் கண்டார். 1959-இல் அதே நகரில் சம்பு நாத் டே, கிருமி வெளிவிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெள்ளமாக வெளியேற்றுகிறது என்று மெய்ப்பித்தார். இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்தால் நோயாளி பிழைப்பார் என்பது இதனால் விளங்கும். மிகுதியாக நீர் குடித்தவர் பிழைத்ததைக் கண்டு வைட்ஹெட் குழம்பினாரல்லவா? அப்புதிருக்கும் இதிலே ஒரு விடை உண்டு. 1971-இல் வங்காள எல்லையின் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலநபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, நூற்றுக்கு முப்பது அளவிலிருந்த மரணத்தை நான்கிற்கும் கீழாகக் குறைத்தார்.

இக்கிருமி உவர் நீர்க் கழிமுகங்களில், கண்ணுக்குத் தென்படாத சிறு நீருயிர்களில் ஒட்டி இயல்பாகவே வாழ்வது என்பதையும் பின்னைய ஆய்வுகள் காட்டியுள்ளன. வங்கதேசத்துக் கிராமங்களில் பழைய சேலையை நான்காக மடித்து நீரை வடிகட்டியபோது, நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மனிதரைத் தண்டிப்பதற்கென்றே தோன்றிய பொருளாக அக்காலத்தார் எண்ணியது, உண்மையில் நீர்நிலைகளின் உயிர்த்தொகுதியில் ஓர் உறுப்பு.

சிந்தனைக்கு

சீலோவாமின் கோபுரம் விழுந்து மாண்டவர்களைப் பற்றி லூக்கா 13-ஆம் அதிகாரத்திலும், பிறவிக் குருடனைப் பற்றி யோவான் 9-ஆம் அதிகாரத்திலும், துன்பத்தைக் கொண்டு ஒருவருடைய பாவத்தை அளக்கும் எண்ணத்தை இயேசு மறுப்பதைக் காண்கிறோம். யோபுவின் நண்பர்களிடமும் ஆயத்தமான விடை இருந்தது. கொள்ளைநோய்க் காலங்களில் திருச்சபை பலமுறை அந்நண்பர்களின் பக்கத்தில் அமர்ந்ததுண்டு. ஆயினும் வைட்ஹெட்டின் வரலாறு, சமயத்தை அறிவியல் வென்ற கதையன்று. அன்றைய அறிவியலாரின் ஆயத்த விடையும் அதே தெருவில்தான் வீழ்ந்தது.

அவரிடம் நுண்ணோக்கி இல்லை. மருத்துவப் பயிற்சியும் இல்லை. மந்தையைப் பேர் பேராக அறிந்திருந்தார். கேட்பதற்குப் பொறுமை இருந்தது. கேட்டது தம் கருத்திற்கு மாறாயிருந்தபோது அதற்குப் பணிந்தார். வீடு சந்திப்பு என்பது நம்மில் பலருக்கு நாட்குறிப்பில் எண்ணிக்கையாகச் சுருங்கிவிட்ட பணி. அதே பணிதான் 40-ஆம் எண் வீட்டின் வாசலில் ஒரு நகரத்தின் உயிரைப் பற்றிய உண்மையை வெளிக்கொணர்ந்தது. துன்பத்தைப் பற்றிப் பிரசங்க பீடத்தில் பேசுமுன், துன்புற்றோரின் கதவைத் தட்டி, அவர்கள் சொல்வதை முடியும்வரை கேட்பது ஆயர் பணியின் முதற்கடமையாகும்.