கண் வைத்த இறகு

ஆனியில் குடமுருட்டிக்குத் தண்ணீர் வந்துவிட்டால் என் பெரியப்பா பரணிலிருந்து மயிலிறகை எடுப்பார். இழைகளை உருவிப் போட்டுவிட்டு, வெள்ளைத் தண்டை நாலு விரற்கடைக்கு நறுக்குவார். நூலின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, தண்டையும் தங்கூஸையும் சேர்த்துச் சுற்றுவார். அதுதான் தக்கை. முள்ளுக்கு மேலே ஒரு பொட்டு ஈயம், முள்ளில் மண்புழு. கெண்டை கொத்தினால் தக்கை துடிக்கும். குறவை இழுத்தால் சாய்ந்தபடியே ஓடும். “நெட்டி மெத்தனம்டா. இது மீன் மோந்தாலே சொல்லிடும்” என்பார்.

அந்த மயிலிறகு கடல் கடந்தும் தூண்டிலில் ஏறியிருக்கிறது என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அப்பர் டேம் என்ற ஊர். 1924 ஜூலை 1 அன்று கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி, தான் கட்டிய பொய் இரையை ஓடும் நீரில் வீசி, மூன்று கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள டிரவுட் மீனைப் பிடித்தார். ஒரு பத்திரிகைப் போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முள்ளின் மேல் நீள இறகுகளைக் கட்டி, நீரோட்டத்தில் சின்ன மீனைப் போல் நெளிய வைக்கும் அந்த வகை இரைக்கு ஸ்ட்ரீமர் என்று பெயர். பிற்பாடு அவர் கட்டியவற்றில் உலகப் புகழ் பெற்றது ‘கிரே கோஸ்ட்’. ஆரஞ்சுப் பட்டுநூல் சுற்றிய உடம்பு, அதன்மேல் வெள்ளிச் சரிகை. அடியில் மான்வாலின் வெண்மயிரும் சில மயிலிறகு இழைகளும். முதுகில் நாலு சாம்பல் நிறச் சேவல் இறகுகள். முள்ளைப் பிடித்துக்கொள்ள இடுக்கி எதுவும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. கையில் பிடித்தபடியே கட்டினார்.

கடைசியாக இருபுறமும் கன்னத்தில் ஒவ்வோர் இறகு ஏறும். அதுதான் மீனின் கண். அந்தக் கண் நம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. இந்தியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் அந்தப் பறவை காட்டில் இல்லை. கரிய இறகின் நடுத்தண்டு அங்கங்கே தட்டையாக விரிந்து, அரக்குச் சொட்டு விட்டதுபோல் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பளபளக்கும். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னெரா, 1782-இல் வெளிவந்த தம் பயண நூலில் அதை விவரித்தார். அதன் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் சால்மன் மீனுக்குக் கட்டிய இரைகளிலும் இதே கண்தான். அந்தக் கண்ணுக்காக நம் காடுகளில் எத்தனையோ சேவல்கள் செத்தன. அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. இன்று அதைக் கொல்வது குற்றம். வெளிநாட்டில் கட்டுகிறவர்கள் கூண்டில் வளர்த்த பறவையின் இறகை வாங்குகிறார்கள்.

‘தூண்டில்’ என்ற சொல்லிலேயே இந்தக் கலை முழுவதும் இருக்கிறது. மீனைத் தூண்டுவதுதான் அதன் வேலை. பசியைத் தூண்டினாலும் சரி, கோபத்தைத் தூண்டினாலும் சரி. குஞ்சுகளைக் காத்துநிற்கும் விரால், பசியே இல்லாமல், பக்கத்தில் வந்ததை எல்லாம் பாய்ந்து கடிக்கும். அந்த நேரத்தில் பெரியப்பா கழியைச் சுருட்டி வைத்துவிடுவார். “பார்ப்போட நிக்கிறதைப் பிடிக்கக் கூடாது” என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

மெட்ராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873-இலேயே ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். ஏரி குளங்களில் மீன் பிடிப்பதற்கென்று இன்னொன்றும் எழுதினார். கேரி ஸ்டீவன்ஸ் எந்த இறகை எந்த இடத்தில் வைத்தார் என்பது வரைக்கும் குறிப்பு இருக்கிறது. பெரியப்பாவின் தக்கைக்கு ஒரு வரிகூட இல்லை. அவரும் போய்விட்டார், கடையில் பிளாஸ்டிக் தக்கை தொங்குகிறது. வயலில் இப்போது மயில் பெருத்துவிட்டது. இறகு வரப்பிலேயே உதிர்ந்து கிடக்கிறது. எப்படிக் கட்டுவது என்று பேரனுக்குத் தெரியவில்லை.

அதனால் எழுதி வைக்கிறேன். தண்டு நாலு விரற்கடை. கட்டு இரண்டு: அடியில் ஒன்று, நுனியில் ஒன்று. கட்டுக்குள் தங்கூஸ் இழுத்தால் நகர வேண்டும். விட்டால் நிற்க வேண்டும். ஆழத்துக்குத் தக்கபடி தக்கையை ஏற்றி இறக்குவது அதனால்தான். நூலை நனைத்துச் சுற்ற வேண்டும், காய்ந்தால் இறுகும்.