பறிக்க உரிமமே இல்லாத காலம்

1897 செப்டம்பரில் லண்டன் நியூ பாண்ட் தெருவில் ஒரு மின்சார டாக்சி கட்டடத்தில் மோதியது. ஓட்டிய ஜார்ஜ் ஸ்மித்துக்கு நல்ல போதை. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். அன்றைக்கு வாடகை வண்டிக்காரர்களுக்குத்தான் அனுமதிச் சீட்டு; சொந்த மோட்டார் வைத்திருந்த கனவான்களிடம் பறிக்க எதுவும் இல்லை. ஓட்டுநர் உரிமம் என்ற ஒன்று பிரிட்டனில் வந்ததே 1904 ஜனவரியில்தான். அதுவும் பணம் கட்டினால் போதும், தேர்வெல்லாம் கிடையாது.

'போதை' என்பதை எப்படி நிரூபிப்பது? நேர்கோட்டில் நடக்கச் சொல்வார்கள், நாக்கு புரளாமல் பேசச் சொல்வார்கள். நல்ல வக்கீல் கிடைத்தால் தப்பிவிடலாம்.

அந்த விளையாட்டை முடித்துவைத்தவர் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில். 1967 அக்டோபரில் போலீஸ்காரர் கையில் ஒரு கண்ணாடிக் குழாயும் பிளாஸ்டிக் பையும் வந்தன. குழாய் வழியாக ஊதிப் பையை நிரப்ப வேண்டும். உள்ளிருக்கும் மஞ்சள் படிகங்கள் கோட்டைத் தாண்டிப் பச்சையானால் காவல் நிலையம்தான். 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குறைந்தது ஓராண்டு உரிமம் போச்சு. மதுக்கடைக்காரர்கள் கொதித்தார்கள். காசிலுக்கே கார் ஓட்டத் தெரியாது என்பது அவர்களுக்குக் கூடுதல் எரிச்சல்! முதல் ஆண்டிலேயே சாலை மரணங்கள் ஆயிரத்துக்கும் மேல் குறைந்தன.

உரிமத்தைத் திரும்பப் பெறும் வழி பின்னர் மெல்ல மெல்ல உருவானது. மிதமிஞ்சிக் குடித்துப் பிடிபட்டவர்களும் மீண்டும் மீண்டும் சிக்கியவர்களும் மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் உரிமம். நீதிமன்றம் அனுமதித்த மறுவாழ்வுப் பயிற்சியை முடித்தால் தடைக்காலத்தில் கால் பங்கு வரை கழியும். பயிற்சிக் கட்டணம் குடித்தவர் பாக்கெட்டிலிருந்துதான்.