பாலாடைக்குள்ள ஒரு கடல் நத்தை

1/ வார்டுல 32 வாரத்துலயே பிறந்த ஒரு குழந்தை. காணை பக்கத்துல இருந்து வந்த ஆயா, முந்தானையில சுத்தி ஒரு பழைய பாலாடையைக் கொண்டுவந்து, "டாக்டர், இதுல ஊத்தலாமா, பாட்டில் வாங்கணுமா?"ன்னு கேட்டாங்க. பாலாடையே போதும்னு சொன்னேன். அதுக்குப் பின்னாடி பெரிய வரலாறு இருக்கு.

2/ நம்ம ஊர்ல பாலாடைக்கு இன்னொரு பேரு சங்கு. இப்போ எவர்சில்வர், வெள்ளியில வருது. ஆனா அந்த வடிவம் கடல்ல வாழுற ஒரு நத்தையோடது. அறிவியல் பேரு டர்பினெல்லா பைரம். மணல் தரையில புழுக்களைத் தின்னு வாழும். மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா ரெண்டும் இதோட முக்கியமான இருப்பிடம்.

3/ மொகஞ்சதாரோவுல இதே சங்கைக் குடைஞ்சு செஞ்ச பாத்திரம் கிடைச்சிருக்கு. ஊத்துறதுக்கு மூக்கு, மேல சிவப்பு நிரப்பின கோடுகள். வயசு 4,000 வருஷத்துக்கு மேல. சடங்குல நீர் வார்க்க வச்சிருப்பாங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. பார்த்தா நம்ம பாலாடையேதான்!

4/ இங்க தமிழ்நாட்டுல பாண்டியர் துறைமுகம் கொற்கை. மெட்ராஸ் மீன்வளத் துறையில இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், வாளால அறுத்த சங்குத் துண்டுகளை அங்க கண்டெடுத்தார். 1914ல சங்கைப் பத்தி தனிப் புத்தகமே எழுதினார். கீழடியிலயும் சங்கு வளையல் கிடைச்சிருக்கு.

5/ தூத்துக்குடி, கீழக்கரை ஆளுங்க மூச்சை அடக்கிக் குளிச்சு எடுத்த சங்கு, கப்பல் ஏறி வங்காளம் போச்சு. டாக்காவுல சங்காரி பஜார்னு ஒரு தெருவே இருக்கு. கல்யாணமான வங்காளப் பொண்ணு கையில போடுற வெள்ளை வளையல் நம்ம கடல் நத்தை. 1658ல தூத்துக்குடியைப் பிடிச்ச டச்சுக்காரங்களும், அப்புறம் ஆங்கிலேயரும் இந்தக் குளிப்பைத் தங்க கைக்குள்ளயே வச்சிருந்தாங்க. லாபம் அவங்களுக்கு, மூச்சு நம்ம ஆளுங்களோடது.

6/ இப்போ மருத்துவத்துக்கு வருவோம். உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுற ஒழுங்கு குழந்தைக்கு ஏறக்குறைய 34 வாரத்துலதான் கூடி வரும். அதுவரைக்கும் நேரா மார்ல குடிக்கத் திணறும். பீய்ச்சின தாய்ப்பாலைப் பாலாடையில கொடுக்கிறது இன்னிக்கும் பச்சிளங்குழந்தை வார்டுகள்ல நடைமுறை. பாட்டில் நிப்பிள்ல அழுக்கு ஒளிஞ்சுக்கும். பாலாடை திறந்த பாத்திரம். கழுவி, கொதிக்க வச்சா முடிஞ்சது.

7/ ஆனா ஒரு எச்சரிக்கை. மல்லாக்கப் படுக்க வச்சு, மூக்கைப் பிடிச்சு ஊத்தாதீங்க. பால் நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். தலையைத் தூக்கி நிமிர்த்திப் பிடிங்க. உதட்டோரம் கொஞ்சமா விடுங்க. விழுங்கின பிறகு அடுத்தது.

8/ சர்க்கரைத் தண்ணி, வசம்பு, கழுதைப்பால் எதுவும் வேணாம். ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்.

9/ ஆயாகிட்ட கடைசியா சொன்னது இதுதான்: "உங்க சங்கு நல்ல சங்கு ஆயா. அதுல என்ன ஊத்துறோம், எப்படி ஊத்துறோம்ங்கிறதுலதான் குழந்தையோட உசுரு இருக்கு." உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் இதைப் படிச்சுக் காட்டுங்க.