செங்கல் பொம்மை வீடும் மூன்று குழாய்களும்

வீடியோ கேமில் கல் அடுக்கி வீடு கட்டும் பிள்ளைகளை 'நேரத்தை வீணாக்குகிறாய்' என்று திட்டுகிறோம். கட்டியதை இடித்துத் திருத்திக் கட்டுகிறார்களே, அந்தத் திருத்தத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932-ல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மர பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அதுதான் லெகோ. 1949-ல் பிளாஸ்டிக் செங்கற்கள் வந்தன. மேலே குமிழ்கள், அடியில் வெறும் கூடு. ஜன்னலும் கதவும் செருகப் பக்கத்தில் ஒரு பிளவு. வீடு கட்டலாம், பிடிப்புதான் போதவில்லை.

அவர் மகன் கோட்ஃபிரெட் 1958 ஜனவரி 28 அன்று புதிய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எட்டுக் குமிழ்க் கல்லின் அடியில் மூன்று குழாய்கள். அவ்வளவுதான்! கீழ்க் கல்லின் குமிழ், குழாய்க்கும் கல்லின் ஓரத்துக்கும் நடுவே இறுகிக்கொண்டது. வீடு கையில் தூக்கினாலும் நின்றது.

இன்று அதே வீடு திரையில். 2011-ல் முழுமையாக வெளிவந்த மைன்கிராஃப்டில் அடிச்சுவரை உடைத்தாலும் மாடி அந்தரத்தில் நிற்கும். மணல், சரளை போன்ற சிலதான் விழும். பிடிப்பைப் பற்றிய கவலை இல்லாததால் திருத்தம் பெரும்பாலும் அழகோடு நின்றுவிடுகிறது.

எனவே திட்டாதீர்கள், ஒரு கேள்வி கேளுங்கள். "நிஜக் கல்லில் கட்டினால் இது நிற்குமா?" கீழ்வரிசை இணைப்பின் மேல் மேல்வரிசைக் கல்லின் நடுப்பகுதி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கொத்தனார் பார்ப்பதும் அதைத்தான்.