ஒயின் சாடியும் தோட்டத்துக் கள்ளும்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு திங்கள் முன்னதாகவே, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக் குடியிருப்பை அடுத்திருந்த கிறிஸ்தவ வீடுகள் சிலவற்றில், கறுப்புத் திராட்சையைச் சர்க்கரையோடு பிசைந்து பீங்கான் சாடிகளில் இட்டு, வாயைத் துணியால் வேடுகட்டி, நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறிவிடும் வழக்கம் நான் சிறுவனாயிருந்த காலத்தில் இருந்தது. எங்கள் அண்டைவீட்டுப் பாட்டியம்மாள் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். மூன்று வாரம் கழிந்து நுரை அடங்கியபின், சக்கையைப் பிழிந்து எறிந்துவிட்டு, ரசத்தைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றி ஒரு மூலையில் அசையாமல் வைப்பார். வண்டல் அடியில் படிந்து தெளிவு மேலே நின்றதும், ரப்பர்க் குழாயொன்றின் வழியாகத் தெளிவை மாத்திரம் கீழ்ப்படியில் வைத்த வேறொரு சாடிக்கு இறுத்துவார். வண்டலை விட்டுவிடுவதால் புதுச் சாடி நாலு விரற்கடை குறைவாகவே நிற்கும். அந்த நாலு விரற்கடைதான் அவருக்குச் சத்துரு. முந்தின ஆண்டு ஒயினில் அரைப் போத்தல் இதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்து, கழுத்துவரை நிரப்புவார். அதுவும் போதாதபோது எங்கள் கோலிக்குண்டுகளைப் பறிமுதல் செய்து, வெந்நீரில் கழுவி, ஒவ்வொன்றாகச் சாடிக்குள் இறக்கி மட்டத்தை உயர்த்துவார். தண்ணீர் ஊற்றினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "தண்ணிய ஊத்தினா தண்ணிதான் தம்பி மிஞ்சும்" என்றார்.

பாட்டியம்மாளுக்குக் காரணம் தெரியாது, காரியம் தெரியும். காரணத்தைப் பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர் 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒயினைப் பற்றிய நூலிலும் அதற்குச் சற்று முன் காடியைப் பற்றிச் செய்த ஆராய்ச்சிகளிலும் விளக்கினார்: கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஒன்று, காற்று கிடைக்கும் இடத்தில் பெருகி, மதுச்சத்தைக் காடியாக மாற்றிவிடுகிறது. நுரை பொங்கும் நாட்களில் கரியமிலவாயு மேலே கவிந்து காவல் காக்கும். இறுத்தபின் அந்தக் காவல் இல்லை. மரப்பீப்பாயில் வைக்கும் நாட்டாரோ, மரத்தின் வழியே ஆவியாகிக் குறைந்துகொண்டே போவதால், குறைந்ததை அவ்வப்போது நிரப்புவதையே நிலவறை வேலையில் பாதியாகக் கொண்டார்கள்.

நம்மவர் கள்ளுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. தென்னம்பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சொட்டுச் சொட்டாக விழும்போதே புளிப்பு தொடங்கிவிடுகிறது. சுண்ணாம்பு தடவினால் பதநீராக நிற்கும், தடவாவிட்டால் சில மணி நேரத்திற்குள் நூற்றுக்கு நாலைந்து பங்கு போதை ஏறும், மறுநாள் மூக்கைத் துளைக்கும் காடியாகும். மேலும், ஒயினுக்கு மருந்தாகும் உபாயம் கள்ளுக்கு விஷமாகிறது: நேற்றைய மிச்சத்தின்மேல் இன்றைய கள்ளை ஊற்றி முட்டியை நிரப்புகிற கடைக்காரன், பழையதைக் காப்பாற்றுவதில்லை, புதியதையும் விரைந்து புளிக்கச் செய்கிறான். பாட்டியம்மாள் தவத்தைப்போல் செய்த காரியத்தை, கள்ளுக்கடைக்காரன் களவைப்போல் செய்தான்.

இந்த அற்ப ரசாயன விஷயத்தை நான் இவ்வளவு வளர்ப்பதற்குக் காரணம், கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்ட வாழ்க்கையில் அது பெரிய விளைவை உண்டாக்கியது என்பதே. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கி, பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் இருமருங்கும் பரவி, தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கொண்டுவந்து லயங்களை நிறைத்தபோது, சீமைச் சாராயத்தைப்போல் பெட்டியில் அடைத்துத் தூரத்திலிருந்து அனுப்பக்கூடிய பானமன்று கள். இறக்கிய அன்றே குடித்தாக வேண்டும். ஆகவே குடிப்பவன் இருக்கும் இடத்துக்கே கடை வந்தது. பட்டணங்களில் அரசினர் கள்ளுக்கடையும், தோட்டங்களில் உரிமம் பெற்ற தோட்டக் கள்ளுக்கடையும் ஏற்பட்டன. கள் கிடைக்காவிட்டால் சம்சு என்ற மலிவுச் சாராயத்தை நாடித் தொழிலாளி கெட்டுப்போவான் என்று துரைமார் சொன்ன நியாயத்தில் சிறிது உண்மை உண்டு. லாபத்திலிருந்து தோட்டத்து விழாக்களுக்குச் செலவழித்ததும் உண்டு. ஆயினும், பால்மரம் வெட்டி ஈட்டிய ஐம்பது காசில் ஒரு பங்கு, மாலை ஆவதற்குள் அதே தோட்டத்தின் கல்லாவுக்குத் திரும்பி வந்து சேரும் ஏற்பாட்டைத் தர்மம் என்று சொல்ல என் நா கூசுகிறது. வண்டலும் தெளிவும் பிரிவதற்குக்கூட அவகாசம் தராத பானம், மிச்சம் பிடிப்பதற்கு அவகாசம் தராத கூலியோடு நன்றாகவே பொருந்தியது.

இதை முதலில் பலமாகக் கண்டித்துக் கிளர்ந்தவர்கள் குடிக்காத பெரிய மனிதர்கள் மாத்திரம் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். 1936ஆம் ஆண்டில் தோன்றிய மலாயா மத்திய இந்தியச் சங்கம் தோட்டப் பிரச்சினைகளைப் பேசத் தொடங்கியது. திறனற்ற தொழிலாளர் உதவி பெற்றுக் கடல் கடந்து வருவதை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்தியது. யுத்தத்தால் ரப்பருக்குக் கிராக்கி ஏற, கூலி மட்டும் அதற்கு ஒப்ப ஏறவில்லை. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் தலைமையில் அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் நெஞ்சு கனக்கிறது: சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, ஒழுங்கான வைத்தியம், உற்றார் உறவினர் தடையின்றி லயத்துக்கு வந்து போகும் உரிமை, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தின் நீக்கம். அந்த வரிசையில்தான், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடுக என்பதும் இருந்தது. சைக்கிளில் ஏறியபடியே செல்வதும் கள்ளுக்கடை இல்லாமலிருப்பதும் ஒரே மரியாதையின் இரண்டு முகங்கள் என்று அந்த எழுத்தறியாத மக்கள் கண்டுகொண்டதை, எந்தக் கமிஷன் அறிக்கையைக் காட்டிலும் நான் உயர்வாக மதிக்கிறேன்.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவருடைய கைதை எதிர்த்து மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று. துருப்புகள் வந்தன, சுட்டன, தொழிலாளர் சிலர் மாண்டனர். கூலி ஓரளவு உயர்ந்தது. கள்ளுக்கடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஜப்பானியர் 1942 ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூருக்குள் நுழைந்து, 1945இல் தோற்றுப்போய், வெள்ளைக்கார ஆட்சி மீண்ட பிறகு, 1947ஆம் ஆண்டில் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் மறியலுக்கு நின்ற இடமும் கள்ளுக்கடை வாசல்தான்.