ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் ஹோப் காலேஜ் கிடையாது

அக்கா பையன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, கவுன்சிலிங்குக்கு சாய்ஸ் போடணும். எனக்கு லேத்து, பட்டறைன்னுதான் புடிச்சிருக்கு. அப்பா கம்ப்யூட்டர்னு ஒத்தக் கால்ல நிக்கறார். ப்ரொடக்‌ஷன் எடுத்தா எந்த காலேஜ்?"

நமக்குத் தெரிஞ்சது பழங்கதை மட்டும்தான். அதையே அவுத்து விட்டேன்.

கோயமுத்தூர் அவினாசி ரோட்டுல 'ஹோப் காலேஜ்'னு ஒரு பஸ் ஸ்டாப். இறங்கித் தேடினா அந்தப் பேர்ல காலேஜ் இருக்காது. 1940 முதல் 1946 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் ஆர்தர் ஹோப். 1945-ல் ஜி.டி. நாயுடு முயற்சியில் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பேரை வைத்தார்கள். கல்லூரி பிற்பாடு தடாகம் ரோட்டுக்குப் போய், அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜி.சி.டி. ஆகிவிட்டது. பேர் மட்டும் பஸ் ஸ்டாப்பிலேயே தங்கிடுச்சு!

அதன் முதல் முதல்வர் நாயுடுவேதான். இன்ஜினியரிங்குக்கு நாலு வருஷம் தண்டம், ரெண்டு வருஷம் போதும் என்றார். வெள்ளைக்கார அரசாங்கம் ஒத்துக்கலை. மனுஷன் பதவியை விட்டுட்டுப் போயிட்டார். ரெண்டு வருஷத்துல முடியும்னு எனக்குத் தோணலை. வார்ப்பு ஏன் விரிசல் விடுதுன்னு புரியவே ஒரு வருஷம் ஆகும். ஆனா பள்ளிக்கூடமே போகப் பிடிக்காம, கழட்டி மாட்டியே தொழில் கத்துக்கிட்ட ஆள் வேற எப்படிப் பேசுவார்?

அதே ரோட்டில் பீளமேடு. அங்கே 1926-லேயே பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் வந்தாச்சு. காலேஜ் வந்தது 1951-ல். பட்டறைக்குக் கால் நூற்றாண்டு வயசான பிறகு பக்கத்துல வகுப்பறை! கிண்டி கதை வேற. 1794-ல் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் தேவைப்பட்டு, கோட்டையில் ஆரம்பித்த சர்வே பள்ளி அது. மெக்கானிக்கல் படிப்பு 1894-ல்தான் வந்தது, சரியா நூறு வருஷம் கழிச்சு. இன்னிக்கு அங்கே மானுஃபாக்சரிங் இன்ஜினியரிங்னே தனித் துறை இருக்கு என்பது வேறு விஷயம்.

"மாமா, எந்த காலேஜ்னு கேட்டேன்..."

"நேர்ல போய்ப் பாருடா. ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லு. லேத்துக்கு அடியில இரும்புச் சுருள் கிடக்குதா, இல்ல மெஷின் மேல துணி போர்த்தி வச்சிருக்காங்களான்னு பாரு. ஒரு மெஷினுக்கு எத்தனை பசங்கன்னு சீனியர்கிட்ட கேளு, வாத்தியார்கிட்ட கேக்காத."

மூணு காலேஜ் போய் வந்திருக்கான். ஒண்ணுல மெஷின் பளபளன்னு இருந்துச்சாம், ஆனா பூட்டின கண்ணாடி அறைக்குள்ள! இன்னொண்ணுல இருந்து வரும்போது பேன்ட்டெல்லாம் கிரீஸ். அக்கா திட்டினாளாம். முதல் சாய்ஸா அதைத்தான் எழுதி வச்சிருக்கான்.

அத்தான்கிட்ட இன்னும் சொல்லலை. "நீங்க பேசுங்க மாமா" என்கிறான்.