தோட்டப்பாளையம் தீநுண்மம்

தோட்டப்பாளையம் தீநுண்மம் என்பது வீட்டு மூஞ்சூறுகளில் காணப்படும் ஒரு தீநுண்மம் (வைரசு) ஆகும். இது 1964ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் வேலூரில் பிடிக்கப்பட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. வேலூர் நகரின் ஒரு பகுதியான தோட்டப்பாளையத்தின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. ஹன்டா தீநுண்மங்கள் என்று இன்று அறியப்படும் குழுவில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது இதுவே. எனினும், இது அக்குழுவைச் சேர்ந்தது என்பது தெளிவாக ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின.

பின்னணி

தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர் வட்டாரம் இந்தியத் தீநுண்மவியல் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. கொசுக்களால் பரவும் ஜப்பானிய மூளையழற்சி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1955இல் வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. அந்நோயை முன்னிட்டு அங்கு நடைபெற்ற கள ஆய்வுகளில் விலங்குகளும் பிடிக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன. புனேயிலுள்ள தீநுண்ம ஆய்வு மையமும் (1952இல் நிறுவப்பட்டது, 1978 முதல் தேசிய தீநுண்மவியல் நிறுவனம்) வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இப்பணிகளில் ஈடுபட்டன.

இதே மையம் 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் ஒரு புதிய தீநுண்மத்தைக் கண்டறிந்திருந்தது. அங்கே குரங்குகள் கூட்டமாக இறந்தது வழிகாட்டியது. வேலூரில் அத்தகைய அறிகுறி எதுவும் இல்லை. வேறொரு நோயைத் தேடியபோதே இத்தீநுண்மம் கிடைத்தது.

கண்டுபிடிப்பும் வகைப்பாடும்

கேரி, ரேச்சல் ரூபன், பணிக்கர், ராபர்ட் ஷோப், ரூத் மையர்ஸ் ஆகியோர் இதனை 1971இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். கணுக்காலிகளால் பரவும் தீநுண்மமாக இருக்கலாம் என்று அப்போது கருதப்பட்டது. அக்காலத்தில் அறியப்பட்டிருந்த எக்குழுவிலும் இதனைச் சேர்க்க இயலவில்லை.

கொரியப் போரின்போது (1950–53) மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. படைவீரர்களைத் தாக்கிய குருதிப்போக்குக் காய்ச்சலுக்குக் காரணமான ஹன்டான் தீநுண்மத்தை, தென்கொரிய அறிவியலாளர் லீ ஹோ வாங் 1976இல் வயல் எலிகளில் கண்டறிந்தார். இதன் பின்னரே இக்குழுவுக்கு ஒரு பெயர் கிடைத்தது. 1989இல் வெளியான எதிர்மின்னி நுண்ணோக்கி ஆய்வுகளும் எதிர்ப்புரத ஆய்வுகளும் வேலூர்த் தீநுண்மமும் இக்குழுவினதே எனக் காட்டின. 1964இல் எடுக்கப்பட்ட மாதிரி பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் இது இயன்றது.

மரபியல்

ஏனைய ஹன்டா தீநுண்மங்களைப் போலவே இதன் மரபணுத் தொகுதியும் மூன்று ஆர்.என்.ஏ. துண்டுகளால் ஆனது. 2007இல் வெளியான இரு தனித்தனி ஆய்வுகள் இதன் மரபணு வரிசையை விரிவாக விளக்கின. எலிகள் போன்ற கொறிணிகளில் வாழும் ஹன்டா தீநுண்மங்களிலிருந்து இது மிகவும் விலகி நிற்பது இவற்றால் உறுதியானது. மூஞ்சூறு தோற்றத்தில் எலியை ஒத்திருந்தாலும் கொறிணி அன்று. பூச்சிகளை உண்ணும் வேறொரு விலங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது.

கொறிணிகளே இத்தீநுண்மங்களின் இயற்கை உறைவிடம் என்ற பழைய கருத்து இதனால் தளர்ந்தது. இதைத் தொடர்ந்து பல நாடுகளில் மூஞ்சூறுகள், அகழெலிகள், வௌவால்கள் ஆகியவற்றிலும் புதிய ஹன்டா தீநுண்மங்கள் கண்டறியப்பட்டன. தற்போதைய வகைப்பாட்டில் இது தொட்டிம்வைரசு என்னும் பேரினத்தில் அடங்குகிறது. தோட்டப்பாளையம், கொரியாவின் இம்ஜின் ஆகிய இரு பெயர்களின் பகுதிகளை இணைத்து அப்பெயர் ஆக்கப்பட்டது.

பரவலும் மனிதரும்

நேபாளம், சீனா ஆகிய நாடுகளின் வீட்டு மூஞ்சூறுகளிலும் இத்தீநுண்மம் காணப்பட்டுள்ளது. இது மனிதரில் நோய் உண்டாக்குவதாக இதுவரை நிறுவப்படவில்லை. எனினும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2000களில் மேற்கொண்ட ஆய்வுகளில், கிடங்குத் தொழிலாளர்கள், எலி பிடிக்கும் இருளர் பழங்குடியினர் ஆகியோரிடையே ஹன்டா தீநுண்மங்களுக்கு எதிரான எதிர்ப்புரதங்கள் கண்டறியப்பட்டன. அவை எந்த ஹன்டா தீநுண்மத்தால் உண்டானவை என்பதை எதிர்ப்புரதச் சோதனையைக் கொண்டு மட்டும் உறுதிசெய்ய இயலாது. ஹன்டா தீநுண்மங்கள் பெரும்பாலும் விலங்குகளின் சிறுநீர், எச்சம், உமிழ்நீர் ஆகியவை கலந்த தூசியைச் சுவாசிப்பதால் மனிதரைத் தொற்றுகின்றன.